நடிக்கிற போனில் சிம்

நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து ஊரில் ஜெராக்ஸ் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே பத்துக்குப் பத்தில் ஓர் அறை. பெயர்ப் பலகை கிடையாது. தேடி வருகிறவன் எப்படியும் வந்துவிடுவான், தேடாதவனுக்குப் பலகை எதற்கு என்பது அன்புக்கரசியின் கட்சி. விருத்தாசலத்திலிருந்து கடலூர் வரைக்கும் குறும்படம் எடுக்கிறேன் என்று கிளம்புகிற யாரும் ஒரு தடவையாவது அந்த வாசலில் செருப்பைக் கழற்றியிருப்பார்கள். கேமரா, லென்ஸ், விளக்கு, மைக் எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். கூடவே வசவும் கிடைக்கும். அதற்கு வாடகை கிடையாது.

வருகிறவர்கள் வாயைத் திறந்தால் முதலில் கேமராவைத்தான் கேட்பார்கள்.

"எந்தக் கேமராக்கா நல்லா இருக்கும்? ஃபோர் கே வருமா?"

"உன் படத்துல யாருனா பேசறாங்களா?"

"பேசறாங்கக்கா."

"அப்ப மைக்கப் பத்தி கேளு. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா கலைன்னு நெனச்சிக்குவான். பேச்சு கேக்கலன்னா எழுந்து போயிகினே இருப்பான்."

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்க மாட்டாள். சொல்லிக்கொண்டே லென்ஸைத் துணியால் துடைப்பாள், பேட்டரியை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவாள். வாயால் ஊதி லென்ஸைத் துடைக்கிறவனைக் கண்டால் மட்டும் பொருளைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்துவிடுவாள். இந்த ஊரில் பழுப்பு நிலக்கரித் தூள் பறந்து வந்து எதிலும் உட்காரும், கண்ணுக்குத் தெரியாது. வெட்டவெளியில் லென்ஸ் மாற்றினால் அந்தத் தூள் கேமராவுக்குள் போய்க் குடியேறிவிடும். அதை எடுக்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக இருந்தவர். பிளஸ் டூ முடித்த கையோடு டவுன்ஷிப்பில் ஒரு ஸ்டுடியோவுக்கு கல்யாண ஆல்பம் ஒட்டுகிற வேலைக்குப் போனாள். ஒரு மஞ்சள் நீராட்டுக்கு வீடியோ எடுக்க வேண்டிய ஆள் வயிற்றுவலி என்று வராமல்போக, "சும்மா பட்டன அமுக்கிகினு நில்லு" என்று முதலாளி இவளை அனுப்பினார். ஆம்பளை பிடிக்கிற கேமராவுக்கு முன்னால் தலையைக் குனிந்தே நிற்கும் பெண்கள், இவள் எடுத்ததில் நிமிர்ந்து சிரித்திருந்தார்கள். அதற்கப்புறம் வளைகாப்பு, சடங்கு, காதுகுத்து எதுவானாலும் "அந்தப் பொண்ண அனுப்புங்க" என்றே கேட்டார்கள். இருபது வருடம் ஊரார் வீட்டு விசேஷங்களில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். பிறகு முட்டி வலி வந்தது. பொருள்களை வாடகைக்கு விட ஆரம்பித்தாள். கணவர் பழனிவேல் சுரங்கத்தில் நிலக்கரி ஓடுகிற பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட். மனைவி என்ன தொழில் செய்கிறாள் என்று யாராவது கேட்டால் "லென்ஸ் வெச்சிருக்கா" என்பார். அதற்குமேல் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

அவள் சட்டங்கள் பல. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெளியில் எடுக்காதே, வானம் வெள்ளைத் துணியாகத்தான் வரும். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ரோட்டோரம் எடுக்காதே, கம்பெனி பஸ் வரிசையாகப் போகும். ஜன்னல் வெயில் முகத்தில் சுள்ளென்று விழுந்தால் விளக்கைத் தேடாதே, ஜன்னலுக்குக் குறுக்கே வெள்ளை வேட்டியைக் கட்டு. மெமரி கார்டில் இருப்பதை இரண்டு இடத்தில் ஏற்றாமல் கார்டை அழிக்காதே. நடிக்கத் தெரியாத ஆளை நடிக்க வைத்தால் கையில் ஒரு வேலையைக் கொடு, கீரை ஆயச் சொல், தரை துடைக்கச் சொல், கை ஓடினால் முகம் தன் பாட்டுக்கு இருக்கும். மைக்கைத் திறப்பதற்கு முன் எல்லாருடைய போனையும் அணைத்து வாங்கி ஒரு டிபன் பாக்ஸில் போட்டு மூடு. நடிக்கிறவர் கையில் போன் இருந்தால் அதிலிருந்து சிம்மைக் கழற்று. எந்த இடத்தில் எடுத்தாலும் கிளம்புவதற்கு முன் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள், அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது நடுவில் நிரப்ப அது வேண்டும்.

இந்தக் கடைசிச் சட்டத்தை யாரும் மதிப்பதில்லை. ஒன்றுமே இல்லாததை எதற்குப் பதிவு செய்வது என்று எல்லாருக்கும் ஒரு அலட்சியம்.

இப்படி ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவள் போன வருடம் தானே ஒரு படம் எடுக்கக் கிளம்பினாள். பதினெட்டு நிமிடப் படம். மூன்று வருடமாக நோட்டில் எழுதி, அடித்து, மறுபடி எழுதிய கதை. காலியான குவார்ட்டர்ஸ்களைக் கூட்டித் துடைத்து அடுத்த குடும்பத்துக்குத் தயார் செய்கிற ஒரு பெண். அவ்வளவுதான் கதை. அதில் நடுவில் ஒரு காட்சி. அவள் வெறும் வீட்டில் தனியாகத் தரை துடைத்துக்கொண்டிருக்கும்போது மகளிடமிருந்து போன் வருகிறது. வந்து என்னோடு இரு என்று மகள் கூப்பிடுகிறாள், இவள் மறுக்கிறாள். அந்த நாலு நிமிடம் நன்றாக அமைந்தால் படம் நிற்கும், இல்லாவிட்டால் சுவரும் துடைப்பமும்தான் மிஞ்சும். அன்புக்கரசிக்கு அது தெரியும். இருபது வருடம் மற்றவர்கள் சொன்னதை எடுத்தவளுக்கு, தனக்கென்று ஒன்றாவது எடுத்துவிட வேண்டும் என்ற வெறி இருந்தது. அதை யாரிடமும் அவள் சொல்லிக்கொள்ளவில்லை.

நடிக்க விருத்தாம்பாளைப் பிடித்தாள். ஐம்பது வயது. டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிறவர், வடக்குத்தில் இவளுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. துடைப்பம் பிடிப்பதை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. விருத்தாம்பாளுக்கும் மகள் நந்தினிக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. நந்தினி குள்ளஞ்சாவடியில் இருக்கிறாள், வீட்டோடு தையல் கடை. பேத்தியின் காதுகுத்துக்கு விருத்தாம்பாள் கம்மலும் சீர்த்தட்டுமாகக் கிளம்பினார். அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை, காலை வேலையை முடித்துக்கொண்டுதான் போக முடிந்தது. அரை மணி நேரம் தாமதம். மாப்பிள்ளை வீட்டார் நல்ல நேரம் போய்விடும் என்று குத்தி முடித்திருந்தார்கள். விருத்தாம்பாள் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். வடக்குத்து முழுக்கத் தெரிந்த கதை இது. அன்புக்கரசிக்கும் தெரியும். தெரிந்துதான் பிடித்தாள். இதை மறைத்துச் சொல்வதில் பொருளில்லை.

வீடு ராயப்பன் கொடுத்தது. அவர் கம்பெனியில் ரிட்டயர் ஆகிச் சொந்த வீட்டுக்குச் சாமான்களைக் கொண்டுபோய்விட்டார், குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க இன்னும் நாள் இருந்தது. வெறும் வீடு, வெள்ளைச் சுவர், கிழக்கே ஜன்னல். இதைவிட என்ன வேண்டும்?

காலை பதினோரு மணிக்குப் போன் காட்சி. கையில் ஈரத்துணி, பக்கத்தில் வாளி. மைக்கை விருத்தாம்பாளின் இடது தோள் பக்கம் முந்தானைக்கு அடியில் ஒளித்துக் குத்தியாயிற்று. எல்லாருடைய போனும் டிபன் பாக்ஸுக்குள் போய்விட்டது. விருத்தாம்பாளின் பட்டன் போன் மட்டும் அவர் கையில், நடிப்பதற்காக. சிம்மைக் கழற்ற மூடியைத் திறக்கப் பார்த்தாள் அன்புக்கரசி. மூடியைச் சுற்றி ரப்பர் பேண்டு, அதற்கடியில் பிளாஸ்திரி. ஜன்னல் வெயில் வேறு நகர்ந்துகொண்டிருந்தது. போகட்டும், இவருக்கு யார் போன் செய்யப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

"அக்கா, உங்க நந்தினிகிட்ட பேசற மாதிரியே நெனச்சிக்குங்க. எழுதினது அப்பிடியே வர்லன்னாலும் பரவால்ல. கடைசி வரி மட்டும் மாறக் கூடாது."

விருத்தாம்பாள் தலையாட்டினார். போனில் எதையோ அமுக்கி வலது காதில் வைத்தார். கேமரா வழியாகப் பார்த்தால் அந்தக் கை ஜன்னல் பக்கத்து முகத்தை முழுக்க மறைத்தது.

"அக்கா, போன அந்தக் காதுக்கு மாத்திகினு பேசுங்க. மூஞ்சி மறையுது."

விருத்தாம்பாள் ஒரு நொடி தயங்கினார். பிறகு இடது காதுக்கு மாற்றினார். ஆக்‌ஷன் என்றாள் அன்புக்கரசி.

நடந்தது இதுதான். எழுதிக் கொடுத்த முதல் நாலு வரியை விருத்தாம்பாள் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார். நான் வரவில்லை, எனக்கு இங்கே வேலை இருக்கிறது, இத்யாதி. அப்புறம் அவர் கை தரையைத் துடைப்பதை நிறுத்தியது.

"மூணு மாசம் சேத்து வாங்கின கம்மல்டி அது. அரை மணி நேரம். அரை மணி நேரம் நிக்கக் கூடாதா? நான் யாரு வூட்டுக்கு வந்தேன்? பெத்த பொண்ணு வூட்டுக்குத்தான? வேர்வையோட வந்து நிக்கறேன், எவளோ ஒருத்தி சொல்றா, முடிஞ்சிபோச்சு, சாப்புட்டுட்டுப் போங்கன்னு. நான் சாப்பாட்டுக்காடி வந்தேன்? நீ புள்ளையத் தூக்கி மடியில வெச்சிகினு ஒக்காந்திருக்க. என்னப் பாத்த. பாத்துட்டு எழுந்து வர்ல. எழுந்து வர்லடி நீ."

இது எதுவும் எழுதியதில்லை. விருத்தாம்பாள் அழவில்லை, குரலும் ஏறவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகுதான் கேமரா நினைவு வந்தவராக, சொல்லிக் கொடுத்த கடைசி வரியைச் சொன்னார்.

"இனிமே என்னக் கூப்புடாத. உன் வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

போனை அணைத்து வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். அன்புக்கரசி கேமராவை இன்னும் கொஞ்சம் ஓடவிட்டு, பிறகுதான் கட் சொன்னாள். சொல்லப்போனால் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு தடவை எடுக்கவே வேண்டாம் என்று எல்லாரையும் சாப்பிடப் போகச் சொன்னாள். அன்றைக்கு வெறும் சத்தத்தைப் பதிவு செய்யவில்லை. அந்த வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. பதிவு செய்ய என்ன இருக்கிறது?

ஒரு மாதம் கழித்துப் புதுச்சேரியிலிருந்து பிரவின்குமார் போன் செய்தான். படங்களுக்கு ஒலி சரிசெய்கிறவன், கெட்டிக்காரன், நெய்வேலியை மேப்பில்கூடப் பார்த்திராதவன்.

"அக்கா, ஷூட்டிங் அப்போ பக்கத்துல ஜெனரேட்டர் ஏதாவது ஓடிட்டிருந்துச்சா?"

"ஜெனரேட்டரா? நாட்டுக்கே கரண்டு எடுக்கற ஊருப்பா இது. இங்க எவன் ஜெனரேட்டர் வெப்பான்?"

"அப்ப ஏதோ பெரிய மெஷின். எல்லா ஷாட்லயும் இருக்கு. ம்ம்முனு. ஒண்ணுல ஏறுது, ஒண்ணுல எறங்குது, வெட்டி ஒட்டினா திடுக்கு திடுக்குன்னு தெரியுது."

அன்புக்கரசிக்குக் கோபம் வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள், அவன் காதில் கோளாறு என்று நிரூபிப்பதற்காக. சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டாள். இருந்தது. அனல் மின் நிலையமும் சுரங்கத்து பெல்ட்டும் சேர்ந்து கிளப்புகிற ஒரே சீரான முனகல், காற்று திரும்பினால் ஏறியும் இறங்கியும். அவள் பிறந்ததிலிருந்து அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. படப்பிடிப்பில் இருந்த ஐந்து பேரும் நெய்வேலிக்காரர்கள், ஐந்து பேருக்கும் அது கேட்டதே இல்லை. கீழே வந்து பழனிவேலைக் கேட்டாள்.

"உனுக்கு எதுனா சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம்?" என்றார் பழனிவேல், பெல்ட் அடியில் வேலை பார்க்கிறவர்.

அவமானமாக இருந்தது. எத்தனை பேரை இதே விஷயத்துக்காக வாசலில் நிற்கவைத்துத் திட்டியிருப்பாள்! வெளியூர்க்காரன் எவனும் செய்திருக்க மாட்டான் இந்தத் தப்பை. அவன் வந்து இறங்கியதுமே கேட்டிருப்பான்.

முதலில் டப்பிங் பேசிப் பார்க்கலாம் என்று விருத்தாம்பாளைக் கூட்டிவந்து கடையில் கதவைச் சாத்தி உட்காரவைத்தாள். படத்தைப் பார்த்துக்கொண்டே பேசச் சொன்னாள். அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகளைத் தாளில் எழுதியும் கொடுத்தாள். விருத்தாம்பாள் ரேஷன் கடை அறிவிப்பு படிப்பதுபோல் படித்தார். ஒன்பது தடவை. பத்தாவது தடவைக்கு முன்னால் தாளை மேசையில் வைத்துவிட்டார்.

"எனுக்கு வர்ல அன்பு. அன்னிக்கி வந்துச்சு. வுட்டுரு."

ஆக அந்த நாலு நிமிடம் இருக்கிறபடியேதான் வேண்டும், வேறு வழியில்லை. நல்லவேளை, ராயப்பன் இன்னும் சாவியை ஒப்படைக்கவில்லை. அன்புக்கரசி தனியாகப் போய் அந்த வெறும் வீட்டில், அதே இடத்தில் மைக்கை வைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பத்து நிமிடம் பதிவு செய்தாள். அந்தச் சத்தத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு பேச்சிலிருந்து முனகலை மட்டும் உரித்து எடுத்துவிடலாம் என்றான் பிரவின்குமார். எடுத்தும்விட்டான். மூன்றாம் நாள் கூப்பிட்டான். குரலில் ஒரு பெருமை.

"சுத்தமாயிடுச்சுக்கா, கண்ணாடி மாதிரி இருக்கு. ஒண்ணே ஒண்ணு, அந்த முனகல எடுத்ததும் அடியில சன்னமா இன்னொரு குரல் வருது. லேடீஸ் குரல். போன்லேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. அதையும் எடுத்துடறேன், ரெண்டு நிமிஷ வேலை."

"எடுக்காத," என்றாள் அன்புக்கரசி. "அப்பிடியே அனுப்பு."

கடைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். விருத்தாம்பாள் ஒப்பிக்கிற முதல் வரிக்கு அடியிலேயே அது ஆரம்பித்தது. யாருங்க, எங்கம்மா போன்லேர்ந்து யாரு பேசறீங்க, அம்மாவுக்கு என்ன ஆச்சு. பிறகு, அம்மா. அம்மா, நான்தாம்மா, கேக்குதா. விருத்தாம்பாள் கம்மலைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அந்தக் குரல் அடங்கிவிட்டது. எழுந்து வர்லடி நீ என்று அவர் முடித்து, சும்மா இருந்தாரே, அந்த இடத்தில் தெளிவாகக் கேட்டது.

"தப்புதாம்மா. எந்தப்புதான். வூட்டுக்கு வாம்மா."

அதற்குப் பதிலாகத்தான் விருத்தாம்பாள் சொல்லியிருந்தார், அன்புக்கரசி எழுதிக் கொடுத்த, மாறவே கூடாத அந்தக் கடைசி வரியை.

படத்தை ஒரு குறும்படப் போட்டிக்கு அனுப்புவதாக இருந்தாள், அதற்கு ஐந்து நாள் பாக்கி. குரலை எடுத்துவிடட்டுமா என்று பிரவின்குமார் தினமும் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை, ஒரு பொத்தானை அமுக்கினால் அந்தக் குரல் போய்விடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் அன்புக்கரசிக்கு வராமல் இல்லை, இரண்டு நாள் முழுக்க வந்தது. அந்த இரண்டு நாளும் கடைக்கு வந்தவர்கள் யாரையும் அவள் திட்டவில்லை. மூன்றாம் நாள் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு விருத்தாம்பாளைத் தேடிப் போனாள். அவர் டவுன்ஷிப் பூங்காவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார்.

"அக்கா, அன்னிக்கி நீங்க நெசமாவே நந்தினிக்கு போன் போட்டீங்களா?"

விருத்தாம்பாள் மாட்டிக்கொண்டவராகப் பார்த்தார்.

"சும்மா போன வெச்சிகினு பேச வர்ல. அதான் அவ நம்பர அமுக்கினேன். அவ எடுக்க மாட்டா அன்பு. வாரா வாரம் ஞாயித்துக்கெழம சாயங்காலம் போடுவேன். முழுசா ரிங்கு போயி நிக்கும். சரி, நல்லா இருக்கான்னு நெனச்சிக்குவேன்." பிறகு சொன்னார், "இப்ப ஒரு மாசமா அதுவும் இல்ல. ஆப் பண்ணி வெச்சிருக்காங்கன்னு வருது."

"அன்னிக்கி அவ எடுத்தாக்கா."

"இல்ல. எனுக்கு ஒண்ணும் கேக்கலியே."

கேட்டிருக்காது. இடது காது அவருக்குச் சின்ன வயதிலேயே சீழ் வடிந்து செவிடாகிவிட்டதாம். அதை அப்போதுதான் சொன்னார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அன்புக்கரசி கேட்டாள்.

"நீ மாத்துன்ன, மாத்தினேன். கேமராவுக்குத்தான பேசறோம், எந்தக் காதா இருந்தா இன்னா?"

அன்புக்கரசி ஹெட்போனை அவர் வலது காதில் வைத்துப் பிடித்தாள். விருத்தாம்பாள் முழு நாலு நிமிடமும் கேட்டார். முடிந்ததும் ஹெட்போனைத் தானே கழற்றிக் கொடுத்தார்.

"நான் சொன்னது எல்லாத்தையும் அவ கேட்டுகினா இருந்தா?"

"ஆமாம்க்கா."

"கூப்புடாதன்னு சொன்னதையும்?"

அன்புக்கரசி தலையாட்டினாள். விருத்தாம்பாள் டிபன் பாக்ஸை மூடி, பையில் போட்டு, எழுந்து நின்றார்.

"வண்டிய எடு."

வடலூர் தாண்டிக் குள்ளஞ்சாவடி போகிறவரைக்கும் ஸ்கூட்டியின் பின்னால் அவர் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். நந்தினி முன்னறையில் மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிற்கிற அம்மாவைப் பார்த்ததும் அவள் கால் மிதியில் நின்றுவிட்டது. யாரும் வாங்க என்று சொல்லவில்லை. விருத்தாம்பாளும் உள்ளே வரவில்லை. அன்புக்கரசிதான் முந்திக்கொண்டு, படம், காட்சி, எழுதிக் கொடுத்த வசனம், காது என்று தலைகால் புரியாமல் கொட்டினாள். நந்தினி கேட்டு முடித்தாள்.

"அப்ப அன்னிக்கி பேசினது நடிப்பா?"

"ஆமாம்மா," என்றாள் அன்புக்கரசி.

"நான் உங்கள கேக்கல." நந்தினி அம்மாவைப் பார்த்தாள். "பகல்ல உன் போன் வந்துச்சு. நீ எப்பவும் சாயங்காலந்தான் போடுவ. உனுக்கு என்னமோ ஆயிடுச்சு, யாரோ உன் போன்லேர்ந்து பேசறாங்கன்னு அலறியடிச்சிகினு எடுத்தேன். எடுத்தா நீ அப்பிடி பேசற. அதுலேர்ந்து ஞாயித்துக்கெழம சாயங்காலம் போன ஆப் பண்ணி வெச்சிடறேன். நீ பேசினதெல்லாம் இவங்க எழுதிக் குடுத்ததா?"

"கூப்புடாதன்னு சொன்னது இவ எழுதினது," என்றார் விருத்தாம்பாள். "வாசப்படி மிதிக்க மாட்டேன்னதும் இவ எழுதினதுதான்."

"கம்மலு?"

விருத்தாம்பாள் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம்.

"அது என்னுது."

நந்தினி தலையைக் குனிந்து, ஊசிக்கு அடியில் மாட்டியிருந்த துணியை மெதுவாக வெளியே எடுத்தாள். எடுக்கிறபோதே அழுதாள். அழுதுகொண்டேதான் நூலையும் வெட்டினாள். பிறகு எழுந்து வாசலுக்கு வந்து அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கினாள். விருத்தாம்பாள் உள்ளே போனார்.

அன்புக்கரசி வெளியிலேயே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து நந்தினி திரும்பி வந்தாள், முகத்தைக் கழுவியிருந்தாள்.

"அக்கா, அத படத்துல வெக்கப் போறீங்களா?"

அன்புக்கரசி, உன் குரல் வராது, எடுத்துவிடலாம், அம்மா முகமும் பேச்சும் மட்டும்தான் இருக்கும், அம்மா எப்படிச் செய்திருக்கிறார் தெரியுமா என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்ததைப் பாதியில் விட்டாள்.

"அது அவங்க எங்கிட்ட பேசினதுக்கா," என்றாள் நந்தினி. "நாலு பேரு ஒக்காந்து பாக்க வேணாம். எனுக்கு ஒண்ணு குடுத்துட்டு மிச்சத்த அழிச்சிருங்க."

"உனுக்கு எதுக்கும்மா அது? அதுல திட்டித்தான இருக்காங்க."

"திட்டட்டும்."

அன்புக்கரசி வாசலில் நின்றபடியே பிரவின்குமாரைக் கூப்பிட்டாள். அந்தக் காட்சியை, அதற்காக எடுத்த எல்லாவற்றையும், அவனிடம் இருக்கும் பிரதியோடு சேர்த்து அழிக்கச் சொன்னாள். அக்கா உங்களுக்கு என்ன பைத்தியமா, படமே அதுதான் என்று அவன் கத்தியது நந்தினிக்கே கேட்டிருக்கும். "தெரியும்பா, அழி," என்றாள். பிறகு ஒலியை நந்தினியின் போனுக்கு ஏற்றினாள், அது முழுசாக ஏறிவிட்டதா என்று பார்த்தாள், ரெக்கார்டரில் இருந்ததை அவள் கண்ணெதிரிலேயே அழித்தாள். வீட்டு ஹார்ட் டிஸ்கில் ஒன்று இருக்கிறது, போய் அழித்துவிடுகிறேன் என்றும் சொன்னாள். சொல்லாமல் விட்டிருந்தால் நந்தினிக்குத் தெரிந்திருக்காது.

உள்ளே விருத்தாம்பாள் தரையில் உட்கார்ந்திருந்தார். பேத்தி கொஞ்சம் தள்ளி நின்று, இது யார் என்று தெரியாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. போகலாமா அக்கா என்று கூப்பிட வாயெடுத்த அன்புக்கரசி, கூப்பிடவில்லை. வண்டியைத் திருப்பினாள். போட்டிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது, அனுப்ப அவளிடம் படம் இல்லை. வடலூர் வரும்வரைக்கும் அழுகை வந்துகொண்டே இருந்தது. துடைக்க முடியவில்லை, இரண்டு கையும் ஹாண்டில்பாரில் இருந்தன. பின்சீட்டில் யாரும் இல்லை.